மூன்றாம் மாடிக் கேள்வி

2014ஆம் வருஷம் செப்டம்பர் 18ஆம் தேதி, ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்று கேட்ட வாக்கெடுப்பில் நூற்றுக்கு 44.7 பேர் ‘ஆம்’ என்றும் 55.3 பேர் ‘இல்லை’ என்றும் சொன்னார்கள் என்பது உலகறிந்த விஷயம். காமன்வெல்த் நாட்டுப் பிரஜைகள் அங்கே முறைப்படி குடியிருந்தால் அவர்களுக்கும் வாக்குண்டு என்ற விதியின் தயவால், கிளாஸ்கோவுக்குப் பிழைக்க வந்த எனக்கும் ஒரு சீட்டுக் கிடைத்தது என்பதையும், அதில் ‘ஆம்’ என்று குறியிட்டதற்காக இன்றளவும் ஒரு கணமேனும் நான் வருந்தியதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வருத்தமெல்லாம் வேறு.

‘ஆம்’ தரப்புக்காக நான் வீடு வீடாகச் செய்த பிரசாரத்தின் கலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மழை தாங்கும் கோட்டு, தேயாத பூட்ஸ், ஈரத்தில் கசியாத பென்சில் ஆகியவற்றை வைத்துக்கொள்வதும், இரவுச் சாப்பாட்டு வேளையில் மணியடிக்காமலிருப்பதும், உள்ளே நாய் குரைத்தால் துண்டுப் பிரசுரத்தைக் கதவுத் துவாரத்தில் விரல் நுழையாமல் தள்ளுவதும், நாளைக்கு உங்கள் வாக்கெடுப்புக்காக நீங்கள் படியேறும்போது ஒரே வாரத்தில் தாமாகவே பழகிவிடும்.

பழகாத பாடம் ஒன்றை மட்டும் விஸ்தாரமாகச் சொல்லுகிறேன்.

‘ஆம்’ தரப்பின் அலெக்ஸ் சால்மண்டும் ‘இல்லை’ தரப்பின் அலிஸ்டர் டார்லிங்கும் தொலைக்காட்சியில் வாதிட்ட ஆகஸ்ட் 5ஆம் தேதிக்கு அடுத்த வாரம், கிளாஸ்கோவின் பார்ட்டிக் பகுதியில் செம்மணற்கல்லால் கட்டிய பழைய அடுக்குவீடு ஒன்றின் மூன்றாம் மாடியில், கிளைட் நதிக்கரைக் கப்பல் பட்டறையில் ஆயுளெல்லாம் உழைத்து மாண்ட ஒருவரின் மனைவி கதவைத் திறந்தார். “மகனே,” என்றார், அவ்வூர் மூதாட்டிகள் தம்மினும் இளைய எந்த ஆணையும் அப்படித்தான் அழைப்பார்கள். “எனக்கு ஒரே கேள்விதான். என் பென்ஷன் எந்தப் பணத்தில் வரும்?”

இரண்டு வாக்கியங்களில் விடை சொல்லக்கூடிய அந்தக் கேள்விக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்காட்லாந்தை இங்கிலாந்தோடு இணைத்த 1707ஆம் வருஷத்து ஒப்பந்தத்தில் ஆரம்பித்து, வடகடல் எண்ணெயைக் கடந்து, ஃபாஸ்லேன் கடற்படைத் தளத்தில் நிற்கும் அணு ஆயுத நீர்மூழ்கிக் கப்பல்களில் போய் முடிந்த ஒரு பிரசங்கத்தைக் கால் மணி நேரம் நிகழ்த்தினேன். பணத்தைப் பற்றி எங்கள் வட்டாரக் குழுவினர் மனனம் செய்வித்திருந்ததோ, ‘பவுண்டு அவர்களுக்கு எவ்வளவு சொந்தமோ நமக்கும் அவ்வளவு சொந்தம்’ என்ற ஒரே வாக்கியம். அதே பவுண்டைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்று பிப்ரவரியிலேயே அன்றைய பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் எடின்பரோவுக்கே வந்து அறிவித்திருந்தார் என்பதை நான் அறிவேன். அந்த அம்மாளும் அறிவார். ஸ்காட்லாந்து அரசாங்கம் வெளியிட்ட, 600 பக்கங்களுக்கு மேற்பட்ட வெள்ளையறிக்கை என் தோள்பையில் கிடந்தது. அதில் பென்ஷன் பற்றி விரிவாகவே எழுதியிருந்தது. பையைத் திறக்க எனக்குத் தோன்றவில்லை.

“நன்றி மகனே, மழை வரும்போலிருக்கிறது, பார்த்துப் போ,” என்று கதவைச் சாத்தினார். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ‘தயக்கம்’ என்று எழுதினேன்.

மறுபடியும் போக வேண்டும் என்றபோது, எங்கள் குழுவை நடத்திய பெரிய மனிதர், “கிழங்களிடம் நேரத்தை வீணாக்காதே, இந்தத் தடவை பதினாறு வயதுக்கும் வாக்கு உண்டு, அவர்களைப் பிடி” என்று கட்டளையிட்டார். கட்டளைக்குப் பணிந்தது என் இரண்டாவது பிழை. கருத்துக் கணிப்பொன்று எங்களை முன்னிலையில் காட்டி ஊரையே கிறுகிறுக்க வைத்த செப்டம்பர் இரண்டாம் வாரத்தில், அறிக்கையின் உரிய பக்கத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறினேன். அந்த அம்மாள் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, நான் படித்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆகஸ்ட் கடைசியிலேயே சீட்டு வந்தது, மறுநாளே தபாலில் போட்டுவிட்டேனே, மகனே,” என்றார். எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கு முகமும் இல்லை.

வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு லண்டன் கட்சித் தலைவர்கள் மூவரும் ஸ்காட்லாந்துக்குக் கூடுதல் அதிகாரம் தருவதாகப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வெளியிட்ட சத்தியப் பிரமாணமே எங்களைத் தோற்கடித்தது என்பாரோடு எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுவே காரணம். அந்தப் பத்திரிகை அச்சாவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே மூன்றாம் மாடித் தீர்ப்பு தபால் பெட்டிக்குள் விழுந்துவிட்டது.

பெரிய மனிதரோ, கடைசி நாட்களில் கிளாஸ்கோவின் ஜார்ஜ் சதுக்கத்தில் கொடியும் பாட்டுமாகத் திரண்ட ஜனங்களைப் பார்த்தே ஜெயித்துவிட்டோம் என்று நம்பினார். பொய் சொல்வானேன், நானும் நம்பினேன். ‘இல்லை’ என்று எண்ணியவர்கள் ஜன்னலில் ஒரு காகிதம்கூட ஒட்டாமல் மௌனமாக இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். விடிந்தபோது கிளாஸ்கோ 53.5 சதவீதம் எங்களுக்குத் தந்திருந்தது உண்மை. ஆனால் 32 பிரதேசங்களிலும் மிகக் குறைவாக, 75 சதவீதம் பேரே வாக்களித்த இடமும் அதுதான். பக்கத்திலேயே உள்ள ஈஸ்ட் டன்பார்ட்டன்ஷயரில் 91 சதவீதம் பேர் போய், பத்தில் ஆறு பேர் ‘இல்லை’ என்றார்கள். இத்தனைக்கும் பிறகு, “கிழவர்கள் நம் எதிர்காலத்தைத் திருடிவிட்டார்கள்,” என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் அங்கலாய்த்தபோது, நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். விடை சொல்லாதவன் கேள்வி கேட்டவரைத் திருடர் என்பது எந்த ஊர் நியாயம்?

லண்டன் பாராளுமன்றத்தின் சம்மதமின்றி இன்னொரு வாக்கெடுப்பு நடத்த ஸ்காட்லாந்துப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அடுத்தது எப்போது என்று எவரும் சொல்வதற்கில்லை. எப்போது வந்தாலும், வாக்கெடுப்பு நாளைக் குறித்துக்கொள்வதற்கு முன்னால், தபால் சீட்டுகள் புறப்படும் நாள் எது என்பதைத் தயவுசெய்து விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.