அடித்தாடுவோரும் ஆட்டமிழப்பும்

விரைந்து ஓட்டங் குவிக்க முயன்று விரைவில் ஆட்டமிழப்பவனைப் பொறுப்பற்றவன் என இகழ்தல் நம் கோவை மைதானங்களிலும் கேட்பதொன்றே. அவ்விகழ்ச்சி தகுமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பும் வன்மையாளர் பலர், மூன்று முறை பந்தைத் தவறவிட்டு வெளியேறுதலும் மிகுதி. பேப் ரூத் என்பார் 714 முறை அவ்வாறு அனுப்பினார். 1,330 முறை தவறி வெளியேறினார். எனினும் அவர் புகழ் குன்றவில்லை. ஆங்கு வெளியேறியவன் தன் முறை வருங்கால் மீண்டும் ஆடுவான். கிரிக்கெட்டிலோ, வெளியேறியவன் அந்த இன்னிங்ஸில் மீளான். ஆதலின் அவ்வழக்கை அப்படியே இங்குப் பொருத்தலாகாது.

நம் தமிழகத்துச் சான்று கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். 43 டெஸ்ட் ஆட்டங்களில் அவர் எடுத்தவை 2,062 ஓட்டங்கள். சராசரி முப்பதை எட்டவில்லை. அவருடன் ஆட்டந் தொடங்கிய கவாஸ்கரின் சராசரியோ ஐம்பதைக் கடந்தது. எண்ணை மட்டும் நோக்குவோர் இவ்விருவரையும் ஒப்பிடவுந் துணியார். ஆயினும் 1983 ஜூன் 25ஆம் நாள் லார்ட்ஸ் மைதானத்தில் நிகழ்ந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா எடுத்த 183 ஓட்டங்களுள், ஸ்ரீகாந்தின் 38 ஓட்டங்களே தனியொருவர் எடுத்தவற்றுள் மிகுதியானவை. கவாஸ்கர் எடுத்தவை இரண்டே. வெற்றியோ 43 ஓட்டங்களால் கிட்டியது.

ஓர் ஆட்டங்கொண்டு முடிவு கட்டுதல் முறையன்று, பொதுவிதி வேண்டும். இருபது ஓவர் ஆட்டத்தில் பந்துகள் 120, விக்கெட்டுகள் பத்து. விக்கெட்டு ஒன்றுக்குப் பன்னிரண்டு பந்துகளே உள. அங்கு அரிய பொருள் பந்து. அதனை வீணாக்குவோனே அணிக்கு இழப்புத் தருவான். ஐந்து நாள் ஆட்டத்தில் பந்துகள் மிகப் பல. ஆங்கு அரிய பொருள் விக்கெட்டு. 1983இல் ஓர் அணிக்கு அறுபது ஓவர். விக்கெட்டு ஒன்றுக்கு முப்பத்தாறு பந்துகள். ஆகவே ஆட்டமிழப்பின் விலை ஆட்டந்தோறும் வேறுபடும்.

முயலை வீழ்த்திய அம்பினும் யானைமேற் குறிதவறிய வேலையே வள்ளுவர் மேலாகக் கருதினார். அக்கருத்தோடு நாம் ஒன்று சேர்ப்போம்: கையில் எத்தனை வேல் உள என்று எண்ணியபின் எறிதல் நன்று. இனி ஒருவன் தூக்கியடித்து வெளியேறின், நகைக்குமுன் எஞ்சிய பந்து எத்தனை, எஞ்சிய விக்கெட்டு எத்தனை என்று வினவுவோமாக. விடை கண்டபின் புகழ்தலோ இகழ்தலோ நேர்மையாகும்.