வங்கி மறுத்த பின் வீட்டுக் கடன்

கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில், மிளகும் சீரகமும் விற்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஒருவருக்கு வங்கி வீட்டுக் கடன் மறுத்துவிட்டால், அவர் விதியை நொந்துகொண்டு அடுத்தடுத்த வங்கிகளுக்கு ஓடாமல் (ஒவ்வொரு விண்ணப்பமும் கடன் மதிப்பெண்ணைச் சிறிது குறைக்கக்கூடும்), மறுப்பின் காரணத்தை முதலில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் உசிதம். அதைத் தெரிவிப்பது ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கியின் கடமையேயன்றித் தயவு அன்று.

கடன் வரலாறே காரணமாயின், சிபில் முதலிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கொருமுறை இலவசமாக அளிக்கும் அறிக்கையை வாங்கி, என்றோ தீர்த்த நகைக்கடன் இன்னும் நிலுவையாக நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். பிழை குறித்த புகார் 30 நாட்களில் தீராவிடில், நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு.

ஆனால் சந்தை வியாபாரியின் பிரதான சங்கடம் வேறு: வருமானம் உண்டு, அதற்குச் சாட்சி இல்லை. விற்ற பணத்தைத் தவறாது வங்கிக் கணக்கில் செலுத்தி, இரண்டு மூன்று வருஷம் வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்து, மாதச் சம்பளம் வாங்கும் மகனையோ மகளையோ இணை விண்ணப்பதாரராகச் சேர்த்துக்கொண்டால், மறுத்த வங்கியே மனம் மாறுவதுண்டு.

பொறுக்க இயலாதோர் வீட்டுவசதிக் கடன் நிறுவனங்களை அணுகலாம். வட்டி சற்று அதிகம். எனினும், தனிநபர் பெறும் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் இல்லையாதலால், பிற்பாடு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். முன்பணம் கேட்கும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுக.