விரல்கள் எழுதும் உரை

நுழையும்முன்

இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டு, பலரால் பலமுறை பதிவு செய்யப்பட்ட இசையை இளங்கலைஞர் ஒருவர் மீண்டும் பதிவு செய்ய வேண்டிய தேவை என்ன? எழுதியதைப் பிழையின்றி வாசித்தல் மட்டுமே கலையாகுமா? இவ்வினாக்களுக்குப் பியானோ இசையின் வழியாக விடை தேடுகிறது இக்கட்டுரை.

வேகமும் அதற்கு அப்பாலும்

2019ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சி நடத்திய ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ என்னும் போட்டியில், சென்னையைச் சேர்ந்த பதின்மூன்று வயது லிடியன் நாதஸ்வரம் முதற்பரிசு வென்றார். வண்டு பறப்பதைச் சித்திரிக்கும், உருசிய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி கோர்சகோவின் இசைத்துண்டை அவர் முதலில் நிமிடத்திற்கு 208 தட்டு வேகத்திலும், பின்னர் 325 தட்டு வேகத்திலும் வாசித்துக் காட்டினார். தமிழ்நாட்டின் வீடுதோறும் அச்செய்தி பேசப்பட்டது.

வேகத்தை எண்ணால் அளக்கலாம். எண்ணால் அளக்க இயலாத பகுதியும் இசையில் உண்டு. அப்பகுதியில்தான் இளங்கலைஞர் கடுமையாகச் சோதிக்கப்படுகிறார். அச்சோதனைக் களங்களுள் முதன்மையானது ‘சொனாட்டா’.

கருவியும் வடிவமும்

பியானோவை 1700ஆம் ஆண்டையொட்டி உருவாக்கியவர் இத்தாலியரான கிறிஸ்டோபோரி. அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டு என்னும் கருவியில் தந்திகள் மீட்டப்பட்டன. விரலை மெல்ல வைத்தாலும் அழுத்தி வைத்தாலும் ஒலியின் அளவு பெரிதும் மாறாது. பியானோவிலோ சிறு சுத்தியல்கள் தந்தியைத் தட்டுகின்றன. ஆகவே விரலின் அழுத்தத்திற்கேற்ப ஒலி மெலிகிறது, வலுக்கிறது.

சொனாட்டா என்னும் சொல் ‘ஒலித்தல்’ என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது. பாடலின் துணையின்றிக் கருவியே பேசும் இசை அது. பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பகுதிகளைக் கொண்டிருக்கும். முதற்பகுதியில் இரு கருத்துகள் அறிமுகமாகும். அவை ஒன்றோடொன்று மோதி, உருமாறி, இறுதியில் ஒரே சுருதியில் இணக்கம் கொள்ளும். ஐடன், மொசார்ட்டு, பேத்தோவன் ஆகியோர் இவ்வடிவத்தைச் செழிக்கச் செய்தனர். பேத்தோவன் இயற்றிய 32 பியானோ சொனாட்டாக்களுள் இறுதியானது 1822ஆம் ஆண்டு நிறைவுற்றது. அப்போது அவர் கேட்கும் திறனை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்தார்.

மூலமும் உரையும்

நம் செவ்விசையில் சுரக்குறிப்பு ஒரு வரைகோடு போன்றது. கமகத்தைக் குருவின் வாய்வழியே கற்கிறோம். மேலை இசையில் ஒவ்வொரு சுரமும் தாளில் எழுதப்பட்டுவிடுகிறது. அவ்வாறாயின் கலைஞருக்கு எஞ்சியிருப்பது என்ன?

1801ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, பிற்காலத்தாரால் ‘நிலவொளி’ எனப் பெயரிடப்பட்ட சொனாட்டாவை எடுத்துக்கொள்வோம். தந்திகளின் அதிர்வை அடக்கும் பட்டைகளை உயர்த்தியே வைத்து முதற்பகுதி முழுவதையும் மென்மையாக வாசிக்குமாறு பேத்தோவன் குறித்துள்ளார். அவர் காலத்துப் பியானோவில் ஒலி விரைவில் தேய்ந்தது. இன்றைய பியானோவில் அது நெடுநேரம் நிற்பதால், குறிப்பை அப்படியே பின்பற்றினால் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கக்கூடும். எழுத்தைக் காப்பதா, எழுதியவர் விரும்பிய ஒலியைக் காப்பதா? இம்முடிவை வாசிப்பவர்தாம் எடுக்க வேண்டும்.

திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர். குறள் மாறவில்லை, அதைக் கண்ட கண்கள் மாறின. மணக்குடவர் உரை இருக்கப் பரிமேலழகர் உரை எதற்கு என நாம் கேட்பதில்லை. சொனாட்டாவின் ஒவ்வொரு நல்ல ஒலிப்பதிவும் அத்தகையதோர் உரையே.

காலம் கடந்த பதிவுகள்

பேத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முதன்முதலில் இசைத்தட்டில் பதிவு செய்தவர் ஆர்தர் சுனாபெல். 1932 முதல் 1935 வரை இலண்டனில் அப்பணி நடைபெற்றது. அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ நான்கு நிமிட இசையே அடங்கும். எனவே அவர் இடையிடையே நிறுத்தி நிறுத்தி வாசிக்க நேர்ந்தது. அப்போது அவருக்கு ஐம்பது வயதையொட்டிய முதிர்ச்சி இருந்தது.

1942இல் அர்சென்டினாவில் பிறந்த டேனியல் பேரன்பாய்ம், 1960களின் பிற்பகுதியில், முப்பது வயதை எட்டும் முன்பே இவற்றை முழுமையாகப் பதிவு செய்தார். அதனுடன் அவர் நிறைவடையவில்லை. 1980களிலும், 2005இல் பெர்லின் அரங்கிலும், 2020இல் தம் எழுபத்தேழாம் வயதிலும் மீண்டும் பதிவு செய்தார். முதிய வயதின் பதிவு, இளமைப் பதிவைப் பொய்யாக்கிவிடவில்லை. ஒரே மூலத்திற்கு ஒருவரே வெவ்வேறு பருவங்களில் எழுதிய உரைகள் அவை.

ஒலியில்லா இடம்

இளங்கலைஞருக்கு விரைந்த பகுதிகளைவிட மெதுவான பகுதிகளே அரியவை. அங்கே விரலின் திறமைக்குப் பின்னால் மறைந்துகொள்ள இயலாது. இரு சுரங்களுக்கு இடைப்பட்ட அமைதியையும் அவர் வாசித்தாக வேண்டும்.

இதனைத் தூத்துக்குடிக் கடற்கரை மக்கள் எளிதில் உணர்வர். கீழவைப்பார் அமைந்துள்ள இக்கரையில் முத்துக்குளித்தல் தலைமுறைகள் கண்ட தொழிலாக விளங்கியது. கல்லின் துணையோடு ஒருவர் கடலடிக்கு இறங்க, படகில் மற்றொருவர் கயிற்றைப் பிடித்துக் காத்திருப்பார். அந்நேரத்தில் ஓசை ஏதும் இல்லை. ஆயினும் அது வெற்று நேரமன்று. கீழே அடக்கிய மூச்சும் மேலே கயிற்றில் வைத்த கவனமும் அதனை நிறைத்திருக்கும். இசையின் இடைவெளியும் அவ்வாறு நிறைந்திருத்தல் வேண்டும்.

பதிவுக்கூடத்தில் தவறிய சுரத்தை நீக்கிச் சரியான சுரத்தை ஒட்டிவிடலாம். இல்லாத புரிதலை ஒட்ட முடியாது. இதையறிந்தும் இளங்கலைஞர் ஒருவர் பதிவு செய்யத் துணிகிறார். நாளை தம் கருத்து மாறலாம் என்பது அவருக்குத் தெரியும். எனினும், இன்று தாம் கேட்டதை இன்றே நேர்மையாகச் சொல்கிறார். முதிர்ச்சி வரட்டும் எனக் காத்திருப்பதால் மட்டும் முதிர்ச்சி வந்துவிடுவதில்லை. கற்றதைப் பிறர்முன் வைத்து, திருத்தி, மீண்டும் வைப்பதால் வருகிறது. இசைக்கு மட்டுமன்றி, முதல் கவிதையை எழுதத் தயங்கும் மாணவருக்கும் இது பொருந்தும்.

மதிப்பீடு

குறுவினா
1. ஹார்ப்சிகார்டு, பியானோ ஆகியவற்றுக்கு இடையேயுள்ள வேறுபாடு யாது?
2. சுனாபெல் நிறுத்தி நிறுத்தி வாசிக்க நேர்ந்தது ஏன்?

சிறுவினா
‘ஒலிப்பதிவும் ஓர் உரையே’ – கட்டுரையின் வழி விளக்குக.

கற்பவை கற்றபின்
ஒரே பாடலை இருவர் பாடிய பதிவுகளைக் கேட்டு, வேகம், அழுத்தம், அமைதி ஆகியவற்றில் அவை வேறுபடுமாற்றை வகுப்பறையில் கலந்துரையாடுக.