சாஸ் செய்தது சரியா?
கூட்டத்தில் பேசிப் பார்க்க ஒரு தொடர்கதை



சேமிப்பு வசூல் முடிந்தது, தீர்மான நோட்டில் கையெழுத்தும் போட்டாச்சு. அப்புறம் கூட்டத்தில் என்ன பேச்சு வரும்? டி.வி. தொடர்தான். "அவ ஏன் இப்படிப் பண்ணினா?", "அவன் கெட்டவன்னு அன்னைக்கே சொன்னேன்ல?" என்று ஒரே கலகலப்பு. இதை வெட்டிப் பேச்சு என்று நாங்கள் நினைக்கவில்லை. நம் வீட்டு விஷயத்தை வாய்விட்டுப் பேச முடியாதபோது தொடரில் வருகிறவளை வைத்துத்தானே பேசுகிறோம்? ஆனால் நாம் பார்க்கும் தொடர் என்றால் பாதிப் பேர் மாமியார் கட்சி, பாதிப் பேர் மருமகள் கட்சி. அதனால் இந்த மாதப் பாடத்துக்கு நம்மில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம்.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் என்ற பகுதி. அங்கே ஒரு கிராமத்தில் நடக்கும் கதைதான் 'எம்மர்டேல்'. ஐ.டி.வி. என்ற தொலைக்காட்சியில் 1972 அக்டோபர் 16 அன்று தொடங்கி ஐம்பது வருஷம் தாண்டியும் ஓடுகிறது. முதலில் அதன் பெயர் 'எம்மர்டேல் பண்ணை'. ஒரு விவசாயக் குடும்பத்தின் கதையாகத்தான் ஆரம்பித்தார்கள். 1998 முதல் லீட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில், படப்பிடிப்புக்கென்றே கட்டிய ஊரில் எடுக்கிறார்கள். தெரு இருக்கிறது, வீடு இருக்கிறது, சர்ச் இருக்கிறது, குடியிருப்பவர்தான் யாரும் இல்லை!

அந்த ஊரின் நடுவில் 'உல்பேக்' என்று ஒரு பப். பப் என்றதும் நம்ம ஊர் சாராயக் கடையை நினைக்காதீர்கள். குடிக்க வருகிறவர்களும் உண்டுதான். ஆனால் குடும்பத்தோடு வந்து சாப்பிடுவார்கள், கல்யாண விருந்து வைப்பார்கள், சாவு வீட்டுச் சனமும் அங்கேதான் வந்து உட்காரும். டீக்கடையும் சாவடியும் மண்டபமும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி. கல்லாவுக்குப் பின்னால் நின்று பீர் ஊற்றிக் கொடுக்கிற பெண்ணுக்கு ஊர் ரகசியம் எல்லாம் தெரியும். அவள் ரகசியமும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

அப்படி நின்றவள்தான் சாஸ் டிங்கிள். 2002-ல் இந்தக் கதைக்குள் வந்தாள். லூசி பார்ஜெட்டர் என்ற நடிகை நடிக்கிறார். டிங்கிள் குடும்பம் என்றாலே ஊரில் கொஞ்சம் இளக்காரம். ஏழைகள், சண்டைக்காரர்கள், போலீஸ் அடிக்கடி தேடி வரும் வீடு. சாஸின் முழுப் பெயர் சாஸ்டிட்டி. ஆங்கிலத்தில் அதற்குக் கற்பு என்று அர்த்தம். அவள் அம்மா பெயர் ஃபெய்த், அதாவது நம்பிக்கை. கதை எழுதியவர்களுக்குக் குறும்பு அதிகம்.

சாஸ் வாழ்க்கையில் வந்த ஆண்களை எல்லாம் வரிசையாகச் சொன்னால் இந்த இதழ் போதாது. நாங்கள் மூன்று இடங்களில் மட்டும் நிற்கிறோம்.

முதலாவது 2012. சாஸ், டேன் என்ற நல்ல மனுஷனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். அதே சமயம் கேமரன் என்பவனோடு ரகசிய உறவு. கேமரன் யார்? அவளுடைய அண்ணன் மகள் டெப்பி சேர்ந்து வாழ்கிறவன். தப்புதான், பெரிய தப்பு. அதை மூடிப் பேச வேண்டியதில்லை. இந்த ரகசியம் கார்ல் என்ற பழைய காதலனுக்குத் தெரிந்துவிடுகிறது. "பணம் கொடு, இல்லாவிட்டால் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டுகிறான். கல்யாண நாள் அன்றே அவளைப் பலாத்காரம் செய்யப் பார்க்கிறான். அவள் செங்கல்லை எடுத்து அடித்துவிட்டு ஓடுகிறாள். அதன் பிறகு அங்கே வந்த கேமரன்தான் கார்லைக் கொல்கிறான். ஆனால் "நான்தான் கொன்றேன்" என்று சாஸ் நினைக்கிறாள். கேமரனும் அவளை அப்படியே நினைக்க விட்டுவிடுகிறான்! தொடரின் நாற்பதாம் ஆண்டுக்காக இந்தப் பகுதியை நேரடி ஒளிபரப்பாகவே நடித்துக் காட்டினார்கள்.

இதில் நாம் யோசிக்க வேண்டியது மிரட்டல். நமக்கு வட்டிக் கணக்கு தெரியும். ரகசியத்தை வைத்து மிரட்டுகிறவன் மீட்டர் வட்டிக்காரன் மாதிரி. எத்தனை கொடுத்தாலும் அசல் குறையாது. இன்று பணம் கேட்பான், நாளை உடம்பைக் கேட்பான். சாஸ் முதல் நாளே டேனிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கல்யாணம் நின்றிருக்கும். அவமானம், டெப்பியோடு சண்டை, எல்லாம் வந்திருக்கும். ஆனால் இருட்டில் அவன் முன்னால் தனியாக நின்றிருக்க மாட்டாள். இதைப் பேசிப் பார்த்தபோது ஓர் அக்கா எங்களைக் கேட்டார்: "அவ தப்புப் பண்ணினவதானே, அவளுக்கு எதுக்குப் பரிதாபம்?" நாங்கள் சொன்ன பதில் இதுதான். கள்ள உறவு வைத்திருந்தது அவள் தப்பு. பலாத்காரம் செய்ய வந்தது அவன் குற்றம். இரண்டையும் ஒரே தராசில் போட்டு ஒன்றுக்கொன்று கழிக்க முடியாது. அந்த அக்கா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் குழுவிலும் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பேசுங்கள்.

இரண்டாவது இடம்தான் எங்களைத் தூங்கவிடாத இடம். சாஸுக்கு ஆரோன் என்று ஒரு மகன். அவன் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா கார்டனிடம் விட்டுவிட்டு வந்தவள் அவள். மகன் பெரியவனாகி முரட்டுத்தனமாகத் திரிந்தான், தன்னையே காயப்படுத்திக்கொண்டான். ஊர் என்ன சொல்லும்? "அம்மா சரியில்லை, பையன் எப்படி இருப்பான்?" என்றது. 2016-ல்தான் உண்மை வெளியே வந்தது. சின்ன வயதில் பெற்ற அப்பாவே அவனிடம் பாலியல் கொடுமை செய்திருக்கிறான். ஆரோன் வளர்ந்த ஆளாகி, போலீசில் சொல்லி, கோர்ட்டில் நின்றான். கார்டன் குற்றவாளி என்று தீர்ப்பானது.

தாய்க்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள். "நான் விட்டுட்டு வந்ததாலதானே" என்ற எண்ணம் வராமல் இருக்குமா? ஆனால் கொடுமை செய்தவன் அவன். பிரிந்து வந்தவள் மேல் ஊர் காட்டிய விரல் பத்து வருஷத்துக்கும் மேலே அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. "நல்ல குடும்பஸ்தன்" என்ற பேர் அவனுக்கு, "ஓடிப் போனவள்" என்ற பேர் இவளுக்கு. ஆண் பிள்ளைக்கு இப்படி நடக்காது என்று நம்மில் பலர் இன்றும் நினைக்கிறோம். நடக்கிறது. காரணமில்லாமல் ஒரு பையன் முரண்டு பிடித்தால், யாரையோ பார்த்ததும் ஒதுங்கினால், அடிக்கும் முன் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். நமக்குப் போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது. அது ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒன்றுதான். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

மூன்றாவது, பேடி. ஊரின் மாட்டு டாக்டர். பார்க்க ஹீரோ மாதிரி இருக்க மாட்டார், ஆனால் தங்கமான மனுஷன். 2018-ல் இவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குச் சிறுநீரகம் உருவாகவில்லை, பிழைக்காது என்று வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேனில் தெரிந்துவிட்டது. கலைக்காமல் பெற்றெடுத்து, கிரேஸ் என்று பெயர் வைத்து, கையில் வைத்திருந்து அனுப்பிவைத்தார்கள். அடுத்து 2020-ல் ஈவ் என்ற மகள். அதே வருஷம் கிறிஸ்துமஸ் அன்று கல்யாணம். கதை இதோடு முடியட்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

முடியவில்லை. 2022-ல் ஆல் என்பவனோடு சாஸ் மறுபடி ரகசிய உறவில் விழுந்தாள். புற்றுநோயில் இருந்த அம்மா ஃபெய்த் இறந்த நேரத்தில் அவள் பக்கத்தில் இல்லை, ஆலோடு இருந்தாள். கொஞ்ச நாளில் ஆலும் சுடப்பட்டு இறந்தான். விஷயம் தெரிந்ததும் பேடி உடைந்துபோனார். 2023-ன் தொடக்கத்தில் உயிரை விட்டுவிடலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டார். நண்பன் மார்லனும் பெற்ற அப்பாவும்தான் பேசிப் பேசி மீட்டார்கள்.

இங்கே சாஸுக்காக வாதாட எங்களுக்கு மனசு வரவில்லை. நல்ல புருஷன் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாமும் எத்தனை பெண்களுக்குச் சொல்லியிருக்கிறோம்? குழந்தையைப் புதைத்தவள், அம்மாவைச் சாகக் கொடுத்துக்கொண்டிருந்தவள், வீட்டில் அழாமல் வெளியில் போய் எதையோ தேடினாள். அது புரிகிறது. ஆனால் பேடி பட்டதும் துக்கம்தானே? ஆண்கள் அழக் கூடாது என்று வளர்த்துவிட்டு, ஒருநாள் பூச்சிமருந்து டப்பாவோடு கண்டுபிடிக்கிறோம். வீட்டு ஆம்பளை பேசாமல் உட்கார்ந்திருந்தால் "என்ன உம்முன்னு இருக்கீங்க" என்று அதட்டாமல் விஷயத்தைக் கேட்க வேண்டும் என்பதைக் கூட்டத்தில் கட்டாயம் பேசுங்கள்.

இன்னொரு விஷயம். அம்மாவுக்கு வந்தது பிற்பாடு சாஸுக்கும் வந்தது. மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மரபணுக் கோளாறு அவளுக்கு இருப்பது பரிசோதனையில் தெரிந்தது, 2024-ல் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். அம்மாவுக்கோ கூடப் பிறந்தவளுக்கோ இந்த நோய் வந்திருந்தால் நாமும் டாக்டரிடம் அதைச் சொல்லிப் பரிசோதனை கேட்க வேண்டும். இதைத் தனிப் பாடமாகவே ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம்.

ஊக்குநர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பாடத்தை வாசிக்கும்போது மிரட்டல், குழந்தை என்ற இரண்டு இடத்திலும் முகங்களைக் கவனியுங்கள். யாராவது திடீரென்று பேச்சை நிறுத்தினால், "பிள்ளை அழுவான், நான் போறேன்" என்று எழுந்தால், எல்லார் முன்னாலும் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். போகட்டும். சாயங்காலம் கடன் தவணை கேட்க வந்த மாதிரி அவர் வீட்டுப் பக்கம் நீங்கள் ஒருவர் மட்டும் போய்விட்டு வாருங்கள்.