நள்ளிரவில் ஞாயிறு

காலையில் கிழக்கே எழுந்த ஞாயிறு மாலையில் மேற்கே மறைவதும், ஓர் இரவு கழிந்தபின் மீண்டும் எழுவதும் உலகெங்கும் மாறாத ஒழுங்கு என்றே மக்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். கி. மு. நான்காம் நூற்றாண்டில், மசாலியா என்னும் கிரேக்கத் துறைமுகத்தினின்றும் புறப்பட்ட பித்தியாஸ் என்னும் கடலோடி, பிரிட்டனுக்கும் அப்பால் வடக்கே சென்று மீண்டார். அவ்வடபுலத்தில் இரண்டு அல்லது மூன்று மணி நேரமே இரவு நிலவும் இடங்கள் உள என அவர் எழுதி வைத்தார். பிற்காலத்தில் தோன்றிய நிலநூல் அறிஞராகிய ஸ்டிராபோ, அவரைப் பொய்யர் என்று இகழ்ந்தார். பித்தியாஸ் எழுதிய நூலும் அழிந்தது. எனினும், இரவு குறுகுவது பற்றி அவர் கூறியது மெய்யே. இன்னும் வடக்கே செல்வோர் இரவே இல்லாத நாளையும் காண்பர். அந்நாள் தொடங்கும் எல்லையே ஆர்க்டிக் வட்டம் எனப்படுவது.

இப்பெயர் வானத்தினின்றும் வந்தது. வடவானில் ஒளிரும் ஏழு விண்மீன்களை நம் முன்னோர் எழுமீன் என்றும் சப்தரிஷி மண்டலம் என்றும் வழங்கினர். கிரேக்கரோ அவற்றை உள்ளிட்ட விண்மீன் கூட்டத்தில் ஒரு கரடியின் உருவத்தைக் கண்டனர். கிரேக்க மொழியில் கரடிக்கு ‘ஆர்க்டோஸ்’ என்பது பெயர். ஆதலின், அக்கரடியின் திசையில் உள்ள நிலப்பகுதி ஆர்க்டிக் எனப் பெயர் பெற்றது.

பூமி தன் அச்சில் தானே சுழன்றுகொண்டு ஞாயிற்றையும் சுற்றி வருகின்றது. அவ்வச்சு நிமிர்ந்து நில்லாமல் ஏறத்தாழ 23 பாகை 26 கலை சாய்ந்துள்ளது. ஓர் ஆரஞ்சுப் பழத்தின் நடுவே நீண்ட ஊசியொன்றைச் செலுத்தி, அதன் மேல்முனை விளக்கை நோக்கிச் சாயுமாறு பிடித்துப் பழத்தைச் சுழற்றினால் இதன் விளைவு இனிது விளங்கும். பழம் எத்தனை முறை சுழன்றாலும் மேல்முனையைச் சூழ்ந்த பகுதி ஒளியை விட்டு நீங்குவதில்லை. ஊசியை விளக்கிற்கு அப்புறமாகச் சாய்த்துப் பிடித்தாலோ, அப்பகுதி ஒளியைக் காண்பதே இல்லை. முன்னது ஜூன் திங்களின் நிலை. பின்னது டிசம்பர் திங்களின் நிலை. அப்பகுதியின் விளிம்பே ஆர்க்டிக் வட்டம். 90 பாகையிலிருந்து அச்சின் சாய்வைக் கழித்தால் எஞ்சுவது 66 பாகை 34 கலை. அவ்வட்டம் அமைந்துள்ள வட அட்சமும் அதுவே.

ஜூன் 21 ஆம் நாளளவில் இவ்வட்டத்தின் மேல் நிற்பவர், நண்பகலில் ஞாயிற்றைத் தெற்கே ஏறத்தாழ 47 பாகை உயரத்தில் காண்பர். அது மேற்கே சாய்ந்து, வடக்கு நோக்கித் திரும்பி, நள்ளிரவில் வடதிசைத் தொடுவானைத் தொட்டு, மூழ்காமலே கிழக்கு நோக்கி மீண்டும் எழும். டிசம்பர் 21 அல்லது 22 ஆம் நாளிலோ, நண்பகலிலும் அது தென்திசைத் தொடுவானுக்கு மேல் உயராது. காற்று மண்டலம் ஒளியை வளைத்துக் காட்டுவதால், வட்டத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வரையிலும் நள்ளிரவு ஞாயிற்றைக் காண இயலும். வடக்கே செல்லச் செல்ல இந்நிலை நீளும். மூர்மான்ஸ்க் நகரில் ஞாயிறு கோடையில் ஏறத்தாழ 60 நாள் மறைவதில்லை. குளிர்காலத்தில் ஏறத்தாழ 40 நாள் எழுவதில்லை. வடதுருவத்தில் ஆறு திங்கள் பகல். ஆறு திங்கள் இரவு.

ஞாயிறு எழாத நாட்களிலும் வட்டத்தை அடுத்த ஊர்களில் முழு இருள் சூழ்வதில்லை. நண்பகலையொட்டிச் சில மணி நேரம் நீலம் கலந்த அந்தியொளி பனியின்மேல் படர்ந்திருக்கும். பின்லாந்து மக்கள் இக்காலத்தைக் ‘காமோஸ்’ என்பர்.

ஓராண்டின் பகற்பொழுதை எல்லாம் கூட்டிப் பார்த்தால், நிலநடுக்கோட்டில் வாழ்வோர் பெறுவதினும் இங்கு வாழ்வோர் பெறுவது குறைந்ததன்று. அங்கே நாள்தோறும் அளந்து கொடுப்பதை, இங்கே ஞாயிறு ஒரு பருவத்தில் வாரி வழங்கி, மற்றொரு பருவத்தில் நிறுத்தி வைக்கின்றது. ஆனால் வெப்பம் அவ்வாறு ஒத்ததன்று. சாய்ந்து விழும் கதிர்கள் பரந்து மெலிகின்றன. வெண்பனியும் அவற்றைத் திருப்பி அனுப்பி விடுகின்றது.

ஆர்க்டிக் வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர். அது நார்வே, சுவீடன், பின்லாந்து, இரஷ்யா, அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த அலாஸ்கா, கனடா, டென்மார்க்கைச் சார்ந்த கிரீன்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய எட்டு நாடுகளின் எல்லைக்குள் செல்கின்றது. சைபீரியாவின் பேராறுகளாகிய ஓப், எனிசே, லேனா ஆகியன அதனைக் கடந்தே கடலை அடைகின்றன. ஓப் ஆற்றங்கரையில் உள்ள சலேகார்டு நகரம் இவ்வட்டத்தின் மேலேயே அமைந்துள்ளது.

ஒரே வட்டத்தை அடுத்திருப்பினும் எல்லா இடங்களிலும் குளிர் ஒரு தன்மைத்தன்று. அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்ப நீரோட்டம் தழுவிச் செல்வதால் நார்வேயின் கரை குளிர்காலத்திலும் உறைவதில்லை. கடலுக்கு எட்டாத உள்நாட்டில் நிலைமை வேறு. சைபீரியாவில் உள்ள வெர்கோயான்ஸ்க் என்னும் ஊரில் 1892 இல் செல்சியஸ் அளவையில் சுழிக்குக் கீழ் 67.8 பாகைக் குளிர் பதிவாயிற்று. அவ்வூரிலேயே 2020 ஜூன் 20 இல் 38 பாகை வெப்பம் பதிவாயிற்று.

இந்நிலத்தின் இயல்பறிந்து வாழ்ந்து வருவோர் பலர். நார்வே, சுவீடன், பின்லாந்து, இரஷ்யா ஆகிய நாடுகளின் வடபகுதியில் வாழும் சாமியர் அவர்களுள் ஒருவர். பனிமான் மேய்த்தல் அவர்தம் தொன்மையான தொழில். தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தாற்போல, சாமியர் மான்களின் வாழ்வையொட்டி எட்டுப் பருவங்களாகப் பகுத்தனர். நார்வேயில் மலை சூழ்ந்த டிராம்சோ நகரத்தில் ஏறத்தாழ இரண்டு திங்கள் ஞாயிறு தோன்றாது. ஜனவரி 21 ஆம் நாளளவில் அது மலைக்கு மேல் முகங்காட்டும்பொழுது, மக்கள் இனிப்பு அப்பம் உண்டு அந்நாளைக் கொண்டாடுவர்.

ஆர்க்டிக் வட்டம் நிலையாக ஓரிடத்தில் நிற்பதன்று. பூமியின் சாய்வு மிக மெல்லக் குறைந்து வருவதால், அது ஆண்டிற்குச் சராசரி 14.5 மீட்டர் வடக்கே நகர்கின்றது. ஐஸ்லாந்தின் கிரிம்சே தீவில் இவ்வட்டத்தைக் காட்டுவதற்கென 2017 இல் மூன்று மீட்டர் குறுக்களவுள்ள கற்காரை உருண்டை ஒன்றை வைத்தனர். எட்டு டன் எடையுள்ள அதனை வட்டம் நகர்வதற்கேற்ப அவ்வப்போது இடம் பெயர்க்கின்றனர். இந்நகர்வு இயற்கையின் செயல். இதனால் எவர்க்கும் தீங்கில்லை.

மனிதர் செயலால் விளையும் மாறுதலோ தீங்குடையது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்தெழும் புகையால் உலகம் வெப்பமுற்று வருகின்றது. 1979 முதலான நாற்பதாண்டுக் காலத்தில் ஆர்க்டிக் பகுதி, உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமுற்றுள்ளது. பனிமான்கள் குளிர்காலத்தில் குளம்பால் மென்பனியைப் பறித்து, அதன் அடியில் உள்ள பாசி போன்ற லைக்கன் என்னும் உயிரியைத் தின்று வாழ்வன. பனியின்மேல் மழை பெய்து உறைந்துவிட்டால், அவ்வுணவு கண்ணாடிபோல் இறுகிய பனிக்கட்டியின் அடியில் சிக்கிவிடும். சலேகார்டுக்கு வடக்கே யமால் தீபகற்பத்தில் 2013 நவம்பரில் அவ்வாறு நேர்ந்தது. காலடியில் உணவிருந்தும் எட்டாமல், ஏறத்தாழ 61,000 மான்கள் பட்டினியால் மடிந்தன. அவற்றையே செல்வமாகக் கொண்டிருந்த நெனெத்ஸ் குடும்பங்கள் பல வறுமையுற்றன.

வடபுலத்து மக்கள் நெடிய இருளுக்கு அஞ்சியவர் அல்லர். மறைந்த ஞாயிறு குறித்த நாளில் திரும்பும் என்னும் உறுதி அவர்களுக்கு உண்டு. இன்றும் ஞாயிறு அக்கணக்கில் தவறவில்லை. மழைக்கும் பனிக்கும் உரிய பருவமே அவர்கள் கண்ணெதிரில் தவறுகின்றது. தொலைவில் எழும் புகை தம் மேய்ச்சல் நிலத்தைக் கெடுப்பதை அவர்களால் மட்டும் தடுத்தல் இயலாது. அது புகையை எழுப்புவோர் அனைவர்க்கும் உரிய கடமையாகும்.