நிரந்தர வதிவிடமும் ஊர்ப் பயணமும்



நல்லூரானின் கொடியேற்றம் நெருங்கும்போது ஊருக்குப் போய்வர எம்மவர் பலர் விரும்புவது இயல்பே. கனடாவில் அகதியாக ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவிட உரிமை பெற்று, இன்னும் குடியுரிமை எடுக்காதவர்கள் விமானச் சீட்டு வாங்குமுன் ஒரு சட்டத்தை அறிந்திருத்தல் வேண்டும். (அகதிக் கோரிக்கை இன்றி, குடும்ப ஸ்பொன்சரில் வந்தவர்களுக்கு இது பொருந்தாது.)

ஒருவர் தானாக விரும்பித் தன் நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடினால் அவருடைய அகதி அந்தஸ்து முடிவுறும் என்பது 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்திலேயே உள்ளது. ஆயினும் முன்னர் கனடாவில் அந்தஸ்து போனாலும் நிரந்தர வதிவிடம் போகாது. 2012 டிசெம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதனை மாற்றியது. அமைச்சர் தரப்பு விண்ணப்பித்து, அகதிகள் பாதுகாப்புப் பிரிவு அதனை ஏற்றால், அத்துடன் வதிவிட உரிமையும் பறிபோகும். குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகவும் வழியில்லை. சமஷ்டி நீதிமன்றத்திடம் மீளாய்வுக்கு அனுமதி கேட்கலாம், அவ்வளவே. 2012க்கு முன் வதிவிடம் பெற்றவர்களும் இதற்குள் அடங்குவர்.

"போர் 2009இல் முடிந்துவிட்டதே, இனி என்ன பயம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நாட்டு நிலைமை மாறியது என்ற காரணத்தால் மட்டும் அந்தஸ்து முடிவுற்றால் வதிவிடம் போகாது. தானாகப் போய்வந்தவருக்கே அந்த இழப்பு. சட்டத்தின் விசித்திரம் இது!

இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதே சந்தேகத்துக்கு இடமளிக்கும். அதில் ஊருக்குப் போவது அதைவிடப் பாரதூரமானது. அகதிகளுக்கான பயண ஆவணம் வேறு நாடுகளுக்கு உதவும், சொந்த நாட்டுக்குச் செல்லாது. 2022இல் கொலம்பியப் பெண்ணொருவரின் வழக்கில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம், பயணத்தின் நோக்கம், எடுத்த முன்னெச்சரிக்கை, விளைவை அவர் அறிந்திருந்தாரா என்பன ஆராயப்பட வேண்டும் என்றது. தாயார் கடும் சுகவீனமுற்றுப் போனவருக்கு இது ஓரளவு துணை. ஆனால் இதை வாசித்தபின் "எனக்குத் தெரியாது" என்று சொல்வது கடினம்.

குடியுரிமை பெற்றவரை இச்சட்டம் தொடாது. எனவே வரிப் படிவம் நிரப்ப வருவோரிடம் நாட்களையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து வருடங்களில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அகதியாக ஏற்கப்பட்ட நாளிலிருந்து வதிவிடம் கிடைக்கும்வரை ஒவ்வொரு நாளும் அரை நாளாகும். இவ்வகையில் 365க்கு மேல் சேராது. இரண்டு வருடம் அப்படிக் காத்திருந்தவருக்கு 365 நாட்கள் கையிருப்பு. வதிவிடம் பெற்றபின் இன்னும் 730 நாட்கள் போதும். கோரிக்கை விசாரணைக்காகக் காத்திருந்த காலம் சேராது. வரி தாக்கல் செய்யக் கடமைப்பட்ட வருடங்களின் படிவங்களும் கேட்கப்படும். 55 வயதானவர்களுக்கு மொழித் தகுதியும் அறிவுப் பரீட்சையும் இல்லை. ஊரை அதிகம் தேடுபவர்களும் அவர்களே, ஆகவே வீட்டிலுள்ள பெரியவர்களின் விண்ணப்பத்தை முதலில் நிரப்புங்கள்.

ஏற்கனவே போய்வந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்குமுன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைக் காண்க. அந்த விண்ணப்பத்தில் பயண நாட்கள் அனைத்தையும் எழுத வேண்டியிருக்கும்.