பந்துமுனைப் பேனாவின் பயணம்

நுழையும்முன்

கல்வி எல்லார்க்கும் உரியது என்கிறோம். எழுதுகருவி எளிய விலையில் கிடைக்காதவிடத்து அவ்வுரிமை முழுமை பெறுவதில்லை. அரிய பொருளாக அறிமுகமான பந்துமுனைப் பேனாவை எளியோர் கைக்குக் கொண்டுசேர்த்த பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

முள்ளும் பந்தும்

ஊற்றுப்பேனாவின் மை நீர்த்தன்மை உடையது. எழுதியவுடன் உலராது, கைபட்டால் தாளில் பரவும். ஹங்கேரி நாட்டு இதழாளர் லாஸ்லோ பீரோ, செய்தித்தாள் அச்சிடும் மை விரைந்து உலர்வதைக் கண்டார். அடர்த்தி மிகுந்த அம்மை பேனா முள்வழியே இறங்கவில்லை. எனவே, முள்ளுக்கு மாற்றாகச் சுழலும் சிறு உலோகப் பந்தினை முனையில் பொருத்த எண்ணினார். பந்து சுழலும்போது உள்ளிருக்கும் மையை ஏந்திவந்து தாளில் பதிக்கும்.

இவ்வெண்ணம் முற்றிலும் புதியதன்று. தோல்மீது குறியிட உதவும் இத்தகைய கருவிக்கு 1888ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான ஜான் லவுட் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும், அது தாளில் எழுத ஏற்றதாக அமையவில்லை. பீரோ, வேதியியல் அறிந்த தம் உடன்பிறந்தார் கியோர்கியின் துணையுடன் ஏற்ற மையை உருவாக்க முயன்றார். 1938இல் காப்புரிமை கோரினார். பின்னர் அர்ஜென்டினாவில் குடியேறி, 1943இல் மேம்பட்ட வடிவத்திற்கும் உரிமை பெற்றார்.

புதுமையும் நம்பகமும்

1945 அக்டோபரில் நியூயார்க் நகரக் கடையொன்றில் பந்துமுனைப் பேனா விற்பனைக்கு வந்தது. ரெனால்ட்ஸ் என்னும் வணிகர் வெளியிட்ட அப்பேனாவின் விலை 12.50 டாலர். வாங்குவதற்கு மக்கள் திரண்டனர். ஆனால், மை கசிந்தது; எழுத்து இடையிடையே விட்டுப்போனது. புதுமையால் ஈர்க்கப்பட்டோர் விரைவில் நம்பிக்கை இழந்தனர்.

அதே ஆண்டில், பாரிசை அடுத்த கிளிஷியில் மார்செல் பிக் என்பவர் எடுவார் புஃபாருடன் இணைந்து, எழுதுகருவிகளின் பாகங்களைச் செய்யும் தொழிற்கூடத்தைத் தொடங்கினார். பந்துமுனைப் பேனாவின் குறைக்குக் காரணம் கருத்தன்று, செய்நேர்த்தியே என்பதை அவர் உணர்ந்தார். பந்துக்கும் அதனைத் தாங்கும் குழிக்கும் இடையிலுள்ள வெளி சற்று மிகுந்தால் மை கசியும். குறைந்தால் பந்து சுழலாது. கடிகாரத் தொழிலுக்குரிய சுவிட்சர்லாந்து நாட்டு நுண்பொறிகளைக் கொண்டு அவர் அந்நுட்பத்தைக் கைவரப்பெற்றார். பீரோவின் காப்புரிமையைப் பயன்படுத்தும் உரிமையையும் பெற்றார்.

1950 டிசம்பரில் ‘பிக் கிறிஸ்டல்’ வெளிவந்தது. மரப்பென்சிலைப் போன்ற அறுகோண உடல், மேசையில் உருண்டோடுவதைத் தடுத்தது. ஒளி ஊடுருவும் நெகிழிக்குழாய், எஞ்சியுள்ள மையின் அளவைக் காட்டியது. பேரளவு உற்பத்தி விலையைக் குறைத்தது. 1950களின் இறுதியில், ஊற்றுப்பேனாவால் புகழ்பெற்ற அமெரிக்க நிறுவனமான வாட்டர்மேனையே பிக் நிறுவனம் வாங்கியது.

பள்ளியின் வாயிலில்

கையெழுத்தின் அழகு கெடும் என்று பிரான்சு நாட்டு ஆசிரியர் பலர் அஞ்சினர். மெல்லெழுத்து, தடித்த எழுத்து என வேறுபடுத்தி எழுதும் பயிற்சிக்கு முள்பேனாவே ஏற்றது என்பது அவர்தம் கருத்து. அவ்வச்சத்தைப் புறந்தள்ள இயலாது. வரிவடிவத்தில் ஓர் அழகு குறைந்தது உண்மையே. ஆயினும், மைக்கூடு இன்றியே மாணவர் எழுதும் வசதி கிட்டியது. 1965இல் அந்நாட்டுக் கல்வித்துறை பள்ளிகளில் பந்துமுனைப் பேனாவுக்கு இசைவளித்தது.

2006ஆம் ஆண்டளவில் இந்நிறுவனம் விற்ற பேனாக்களின் எண்ணிக்கை 10,000 கோடியை எட்டியது. எளிதில் கிடைப்பதே எளிதில் எறியப்படுவதற்கும் வழிவகுத்தது; எறியப்படும் நெகிழி மண்ணில் நெடுங்காலம் தங்கும். எல்லார்க்கும் எழுதுகோல் அளிப்பது சென்ற தலைமுறையின் பணியாக இருந்தது. அதனை மண்ணுக்கும் சுமையாகாமல் அளிப்பது இன்றைய தலைமுறையின் பணியாகும்.

தெரிந்துகொள்வோம்

பேனா மூடியின் நுனியில் துளை இருப்பது ஏன்? சிறுவர் தவறி விழுங்கிய மூடி மூச்சுக்குழாயில் சிக்கினாலும், காற்று ஓரளவு செல்வதற்கே. பிக் நிறுவனம் 1991இல் இம்மாற்றத்தைச் செய்தது.

கற்பவை கற்றபின்

1. கண்டுபிடிப்பைவிடச் செய்நேர்த்தியே ஒரு பொருளை நிலைபெறச் செய்கிறது – இக்கூற்றை ஒட்டியும் வெட்டியும் உரையாடுக.
2. மை தீர்ந்த பேனாக்களை உங்கள் வகுப்பில் ஒரு மாதம் சேகரித்து, மறுபயன்பாட்டு வழிகளைப் பட்டியலிடுக.